கொக்கிச் சிவப்பு

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊர் சொல்லும். ஊர் சரியாகப் பார்க்கவில்லை. மூக்கு நுனியில் எப்போதும் இருப்பது பெயிண்ட். கோபம் இன்னும் கொஞ்சம் உள்ளே இருந்தது. நியாயமான காரணம் வந்தால்தான் எழுந்து வரும், வந்துவிட்டால் லேசில் திரும்பிப் போகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கான காரணத்தைச் சொந்த அண்ணனே கொண்டுவந்து கொடுத்தான்.

அண்ணனும் தங்கையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே தொழில் செய்தார்கள். முன்பக்கம் அண்ணனுடையது. ஜீப்புகளுக்குப் பெரிய பம்பர், நெற்றி விளக்கு, கூரைமேல் சாமான் தட்டு, அதில் ஏற ஏணி என்று நகை பூட்டுகிற வேலை. பின்பக்கம், பிளாஸ்டிக் திரைக்கு அப்பால், அவளுடைய பெயிண்ட் அறை. கம்ப்ரசர் சத்தத்திலும் தின்னர் வாடையிலும் நாள் முழுக்க நின்று, நசுங்கிய கதவையும் கீறல் விழுந்த பானட்டையும் புதிதாக்கி அனுப்புவாள். எல்லாரும் அவளைப் பெயிண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், அதற்கெல்லாம் அவள் சண்டைக்குப் போகவில்லை.

கடையைச் சுற்றி ஒரு கும்பல் சேர்ந்திருந்தது. வாரம் முழுக்க ரோட்டில் குழி இருக்கிறதென்று திட்டுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் குழியைத் தேடிப் போவார்கள். பாறை, மணல், காய்ந்த ஏரி, கைவிட்ட செங்கல் சூளை என்று ரோடே இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை இறக்குவார்கள். அவளுடைய கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். வாரமெல்லாம் பஸ் ஓட்டிய அலுப்பை ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஓட்டித் தீர்த்துக்கொள்வார். கேட்டால், "இங்க யாரும் படியில தொங்க மாட்டாங்க இல்ல?" என்பார்.

இறக்கினால் வண்டி மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் இன்னொரு வண்டி பெல்ட் போட்டு இழுக்க வேண்டும். எங்கே பெல்ட்டை மாட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது என்பது அந்தக் கும்பலுக்கு மீசைக்காரர் மூலமாகத் தெரிய வந்தது. மரக்கடை வைத்திருக்கும் மனிதர். ஒருமுறை அவருடைய வண்டி மணலில் புதைந்தபோது, இழுக்க வந்தவர் தன் வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கென்று இருந்த இரும்புக் குண்டில் பெல்ட்டைச் சுற்றிவிட்டார். குண்டு கனமாக, பளபளவென்று, நம்பிக்கை தருகிற மாதிரி இருந்தது. ஆனால் அது டிரெய்லரை மெதுவாக இழுத்துப் போவதற்கு உண்டானது, வெடுக்கென்று இழுக்கிற இழுப்பைத் தாங்காது. கழுத்தோடு முறிந்து, நீண்டிருந்த பெல்ட் சுருங்கிய வேகத்தில் பறந்து, முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மீசைக்காரரின் தோளில் இறங்கியது. ஒரு சாண் தள்ளியிருந்தால் தலை. இன்றைக்கும் அவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது, மீசையை இடது கையால்தான் முறுக்குகிறார்.

அதற்குப் பிறகுதான் அவள் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு கிளம்பினாள். கும்பலில் இருந்த ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் மல்லாந்து படுத்தாள். எந்தக் கொக்கி வண்டியின் முதுகெலும்பான சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது, எது சும்மா தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்தாள். அசலானதை மட்டும் முறுக்கிவிட்டு, அதன்மேல் சிவப்பு அடித்தாள். போல்ட் தலையிலிருந்து சேசிஸ்வரை ஒரு வெள்ளைக் கோடும் இழுத்தாள். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சிவப்பில் ஒரு சொட்டு ஆரஞ்சு கலந்திருந்தாள், சேறு பூசியிருந்தாலும் கண்ணில் படவேண்டும் என்று. அந்த நிறம் வேறு யாருக்கும் வராது.

கும்பலின் சட்டம் அப்போதிலிருந்து ஒன்றுதான். சிவப்பில் மாட்டு, சிவப்பு இல்லாததில் மாட்டாதே. சேற்றில் இறங்கிய வண்டியைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும் நேரத்தில், யாரும் குனிந்து ஆராய்ச்சி பண்ண மாட்டார்கள். சிவப்பைத் தேடுவார்கள், மாட்டுவார்கள், இழுப்பார்கள். அவள் பார்த்துவிட்டாள் என்றால் பார்த்தது பார்த்ததுதான் என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு முதுகு வலி வந்தது. அண்ணன் ஒரு நாள் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ஏம்மா, நீ எதுக்கு ஒவ்வொரு வண்டி அடியிலயும் படுத்து எந்திரிக்கற? புது பம்பர் மாட்டறது நான்தானே. நானே பாத்து நானே சிவப்பு அடிச்சிடறேன். டப்பாவை இப்படிக் குடு" என்றான்.

"கையை விட்டுப் பாத்துட்டுத்தான் அடிக்கணும். போல்ட்டு சேசிஸ்ல போகணும்."

"எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

அவளுக்கு மனசு இளகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பெருமையாகச் சொன்னாள், எங்கண்ணன் வாய்தான் பெரிசு, உள்ளுக்குள்ள பாசம் என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அந்தப் பாசத்தை நம்பித்தான் அவள் டப்பாவைத் தூக்கிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல் சூளைப் பள்ளத்துக்குப் போனார்கள். மேலே காய்ந்து வெடித்திருந்த களிமண், உள்ளே பசைபோல இருந்தது. கும்பலில் புதிதாகச் சேர்ந்திருந்த பல் டாக்டர் உற்சாகத்தில் நேராக நடுவில் இறக்கிவிட்டார். முன் சக்கரங்கள் இரண்டும் அச்சுவரை உள்ளே போயின. வண்டிக்கு முன்னால் அண்ணன் கடையில் மாட்டிய புது பம்பர், அதில் இரண்டு பக்கமும் தடித்த சிவப்புக் கொக்கிகள். டாக்டர் இறங்கி வந்து, பேஷண்ட் வாயைப் பார்ப்பதுபோலத் தன் வண்டியைக் குனிந்து பார்த்தார்.

"ரொம்ப ஆழமா போயிடுச்சோ?" என்றார்.

"கவலைப்படாதீங்க டாக்டர், வலிக்காம எடுத்துடுவோம்" என்றார் மீசைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் கணவர் தன் ஜீப்பைப் பள்ளத்தின் மறுகரையில் கெட்டியான தரையில் கொண்டுபோய், பின்பக்கம் காட்டி நிறுத்தினார். அண்ணன் பெல்ட்டை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். ஒரு முனையை மச்சானின் ஜீப்பில் பின்னால் இருந்த சிவப்புக் கொக்கியில் மாட்டினான். அது அவள் கையால் பார்த்து அடித்த சிவப்பு. இன்னொரு முனையை டாக்டர் வண்டியின் சிவப்புக் கொக்கியில் மாட்டினான். அது அவன் அடித்தது. அவள் ஈரச் சாக்கு ஒன்றை பெல்ட்டின் நடுவில் போட்டாள், ஏதாவது அறுந்தால் பறக்கிற வேகத்தைக் கொஞ்சமாவது அடக்கும் என்று. பிறகு எல்லாரையும் தூரப் போகச் சொல்லி விரட்டினாள்.

"பெல்ட்டு தளர்ச்சியை மட்டும் எடுங்க, வெடுக்குனு இழுக்காதீங்க!" என்று கணவருக்குக் கத்தினாள்.

ஜீப் மெல்ல நகர்ந்தது. பெல்ட் தரையிலிருந்து எழுந்து விறைத்தது. டாக்டர் வண்டி அசையவில்லை. ஆனால் அதன் பம்பர் அசைந்தது. பக்கவாட்டில் நின்ற அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் விரல் நுழையாத சந்து இருந்த இடத்தில், இப்போது விரல் நுழைகிற சந்து.

பம்பர் சேசிஸோடு சேர்ந்திருந்தால் அது முதலில் வரக்கூடாது. வண்டியே வரவேண்டும்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கணவர் நிறுத்தினார். "பின்னால வாங்க, பெல்ட்டைத் தளர்த்துங்க!"

"என்ன இப்ப?" என்றான் அண்ணன் கரையிலிருந்து.

பெல்ட் தொய்ந்து சேற்றில் படுத்த பிறகு, அவள் முழங்கால் புதைய நடந்து போய்க் குனிந்தாள். கொக்கியின் அடியில், பம்பரைத் தொடும் இடத்தில், சிவப்பு பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. இருபது வருஷம் பெயிண்ட் அடிக்கிறவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடியில் இருக்கும் இரும்பு வளைந்தால்தான் மேலே பெயிண்ட் வெடிக்கும். தடித்த இரும்பு வளையாது, தகடுதான் வளையும்.

கையை பம்பருக்குப் பின்னால் விட்டாள். போல்ட்டின் வால் கையில் பட்டது. அதில் ஒரு சின்ன நட், நட்டுக்கு அடியில் பம்பர் தகடு. அவ்வளவுதான். சேசிஸ் இருக்க வேண்டிய இடத்தில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் காற்று. அவள் இரண்டாம் தடவையும் தடவிப் பார்த்தாள், ஒருவேளை தன் கைதான் தப்பான இடத்தில் போயிருக்குமோ என்று. கை சரியான இடத்தில்தான் இருந்தது.

நிமிர்ந்து பெல்ட் போன திசையைப் பார்த்தாள். அந்த நேர்கோட்டின் முடிவில் ஜீப்பின் பின் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே கணவரின் பின்மண்டை. அவருக்கே தெரியாமல் பரவிக்கொண்டிருந்த வழுக்கை வெயிலில் மின்னியது. அடுத்த இழுப்பில் இந்தக் கொக்கி பம்பர் தகட்டைக் கிழித்துக்கொண்டு பறந்திருக்கும், பறந்து நேரே அங்கேதான் போயிருக்கும். அவளுக்குக் கோபம் உள்ளேயிருந்து எழுந்து வந்தது.

"அண்ணா! இங்க வா. வந்து இதுக்குள்ள கையை விடு."

"நான் மாட்டினதுதானே, நான் பாத்திருக்கேன்."

"பாத்தியா? எதைப் பாத்த? இதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல! வெறும் தகட்டுல நட்டைப் போட்டு முறுக்கி வச்சிருக்கு. இது இழுக்கற கொக்கியா, துணி மாட்டற கொக்கியா?"

அண்ணன் முகம் ஒரு மாதிரி போனது, அதைச் சமாளிக்க ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"எதுக்கு இப்படிக் கத்தற? நல்லா தடிச்ச தகடுதான். மெதுவா இழுத்தா தாங்கும்."

"தாங்குமா? அப்ப அவரை இறங்கச் சொல்றேன். நீ போய் அந்த சீட்ல உக்காரு. உக்காந்து இழு."

அண்ணன் நகரவில்லை. கும்பலில் யாரோ, குடும்பச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா என்று முனகினார்கள். அவள் திரும்பிய திரும்பலில் முனகல் அதோடு நின்றது.

"இது குடும்பச் சண்டையா? இந்தக் கொக்கி பிச்சுக்கிட்டுப் பறந்தா, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டுட்டா மண்டையில அடிக்கும்?" என்றாள். "மீசையண்ணா, உங்க கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க இவங்களுக்கு."

மீசைக்காரர் வலது கையைத் தூக்கினார். அது எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் வந்து நின்றது. எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

பல் டாக்டர் தன் பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் மண்டியிட்டு, தானே கையை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுத்து, விரலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார்.

"வேரே இல்லையே" என்றார். "இதைப் போய் ரெண்டு மாசமா நான் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன்."

அவ்வளவுதான், அண்ணன் வாய் திறந்தான். பம்பர் செய்து அனுப்புகிறவன் ஏமாற்றிவிட்டான் என்றான். பெட்டியைப் பிரித்தால் கொக்கி அதிலேயே மாட்டித்தான் வருகிறது, உள்ளே இரும்புப் பட்டை இருக்கும் என்று நம்பிவிட்டேன், நானும் ஏமாந்தவன்தான் என்றான். "தெரிஞ்சா செய்வேனா? என் மச்சான் உக்காந்திருக்கற வண்டியில?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவளை அசைத்தது. கையை விட்டுப் பார்க்காமல் சிவப்பு அடித்தது சோம்பேறித்தனம், மன்னிக்கவே முடியாத சோம்பேறித்தனம். ஆனாலும் அது தெரிந்து செய்ததில்லை. சின்ன வயதில் அவள் சைக்கிளுக்கு பிரேக் கட்டையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்த அண்ணன் இவன். பத்துப் பேர் நடுவில் துணி மாட்டற கொக்கியா என்று கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

முதலில் டாக்டர் வண்டியை எடுத்தாக வேண்டும். அடியில் ஒரு வளையம் தெரியுதே, அதில் மாட்டலாமே என்று ஒருவர் காட்டினார்.

"அது லாரியில ஏத்திக் கொண்டுவரும்போது வண்டி ஆடாம இருக்கக் கட்டற வளையம். கட்டத்தான் ஆகும், இழுக்க ஆகாது. அதுவும் பிச்சுக்கும்" என்றாள்.

வந்த வழியே பின்னால் இழுப்பதுதான் சரி என்று முடிவு செய்தாள். டாக்டர் வண்டியின் பின்பக்கம் கம்பெனியிலிருந்தே சேசிஸில் போல்ட் போட்டு வந்த கொக்கி ஒன்று இருந்தது. கருப்பாக, அழகில்லாமல், யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது. கையை விட்டாள். தடித்த இரும்பு, அசையாத போல்ட். எல்லாருமாக மண்வெட்டி பிடித்துச் சக்கரங்களைச் சுற்றிச் சேற்றைத் தோண்டினார்கள், பலகை வைத்தார்கள். கணவர் ஜீப்பை இந்தப் பக்கம் சுற்றிக் கொண்டுவந்தார். இந்த முறை பெல்ட் விறைத்ததும் வண்டி முழுசாக அசைந்தது, ஒரு பெரிய சத்தத்தோடு களிமண் அதை விட்டது. டாக்டர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

அண்ணன் ஓரமாகத் தன் வண்டியில் சாய்ந்து நின்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே அவனிடம் போனாள். பேச்சில் கோபம் பாதி குறைந்திருந்தது.

"ஏண்ணா, உன் வண்டியிலயும் அதே பம்பர்தானே மாட்டியிருக்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? நீதான் எல்லாருக்கும் முன்னாடி போய்ச் சேத்துல இறக்கற ஆளு. நாளைக்கு எங்கயாவது மாட்டிக்கிட்டா, உன்னையும் இந்தத் தகட்டுலதானே மாட்டி இழுப்பாங்க? தள்ளு, பாக்கறேன்."

"அதெல்லாம் வேணாம். விடு."

"அண்ணிக்கு நான் பதில் சொல்லணும். தள்ளு."

"முதுகு வலின்னு சொல்ற, எதுக்குக் கீழ படுக்கற? நானே கடையில போய்ப் பாத்துக்கறேன்" என்றான். கொக்கிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அவள் அவன் காலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே படுத்துவிட்டாள். கையை உள்ளே விட்டாள்.

தகடு தட்டுப்பட்டது. தகட்டுக்குப் பின்னால் தடித்த இரும்புப் பட்டை. பட்டை வளைந்து பின்னால் ஓடி சேசிஸோடு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் கட்டை விரல் பருமனுக்கு வரிசையாகப் போல்ட்டுகள். எல்லாமே கையால் அசைக்க முடியாத முறுக்கு. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். அப்பாடா, அண்ணன் தப்பித்தான் என்று மனசார நினைத்தாள்.

"உன்னோடது நல்லா இருக்குண்ணா!" என்று படுத்தபடியே சத்தமாகச் சொன்னாள்.

அவள் தலைக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனின் கால் ஒரு அடி பின்னால் போனது.

கையை இன்னொரு பக்கக் கொக்கிக்கு மாற்றினாள். அங்கேயும் அதே பட்டை. தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சேசிஸ்வரை ஒரு வெள்ளைக் கோடு. அவள் சொல்லிக்கொடுத்த கோடு, கை நடுங்காமல் பொறுமையாக இழுத்த கோடு. பெட்டியில் மாட்டி வரும் கொக்கியில் யார் இந்தக் கோட்டை இழுத்தது? பெட்டியில் வராத பட்டையை யார் வெட்டி, வளைத்து, துளை போட்டது?

அவள் எழுந்து நின்றாள். அவசரமே இல்லாமல் எழுந்தாள்.

"தெரிஞ்சிருக்கு உனக்கு" என்றாள்.

"மெதுவா பேசு."

"தெரிஞ்சிருக்கு. உன் வண்டிக்கு மட்டும் பட்டை போட்டிருக்க. கோடு இழுத்திருக்க. மத்தவங்களுக்கு வெறும் தகடு."

"எல்லாருக்கும் பட்டை போடணும்னா முன்பக்கம் பூரா கழட்டணும். ஒரு வண்டிக்கு நாள் பூரா ஆகும். யாரு இருக்கா செய்ய?" அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இவங்கள்ல பாதிப் பேரு போட்டோ எடுக்கத்தான் பம்பர் வாங்கறாங்க. சேத்துல இறங்குவாங்கன்னு நான் கண்டேனா?"

"அப்ப எதுக்கு சிவப்பு அடிச்ச? கருப்பா விட்டிருக்கலாமே. சும்மா அழகுக்குன்னு சொல்லியிருக்கலாமே!"

"சிவப்பு இருந்தாத்தான் கேக்கறாங்க. பெயிண்டக்கா சிவப்பு இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வாங்கறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. எத்தனை வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறாள், கண்ணில் துரு விழுந்து எத்தனை நாள் கண் சிவந்திருக்கிறாள், முதுகு எப்படிக் கெட்டது. அதையெல்லாம் ஒரு டப்பாவில் ஊற்றி, முதுகு பாவம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய், வெறும் தகட்டின்மேல் பூசியிருக்கிறான். திருடன்கூட வீட்டுக்காரியிடம் முதுகு வலியை விசாரித்துவிட்டுத் திருட மாட்டான்.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தது உன் மச்சான் தலை" என்றாள். "நீயே உன் கையால மாட்டின. தெரிஞ்சு மாட்டின. மாட்டிட்டு ஓரமா போய் நின்ன."

"தாங்கிடும்னுதான் நெனச்சேன்."

"உன் வண்டிக்கு ஏன் அப்படி நெனைக்கல?"

சுற்றிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவள் கணவர் வந்து, மண்டியிட்டு, மச்சான் வண்டியின் பம்பருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். எழுந்து கையை உதறினார். பஸ்ஸில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். இப்போதும் உயர்த்தவில்லை.

"போன வாரம்கூட என் வீட்ல உக்காந்து சாப்பிட்டீங்களே மச்சான்" என்றார். அவ்வளவுதான் கேட்டார், தன் ஜீப்புக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவள் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, வேலைப் பெட்டியிலிருந்து கருப்பு ஸ்பிரே டப்பாவை எடுத்தாள். குலுக்கினாள். உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று அடித்த சத்தம்தான் கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தில் கேட்டது. டாக்டர் வண்டியிடம் போய், சேற்றைத் துணியால் துடைத்து, இரண்டு கொக்கிகள்மேலும் கருப்பு அடித்தாள். டாக்டர் டப்பா மூடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

அதே பம்பர் மாட்டிய வண்டிகள் அங்கே இன்னும் சில நின்றன. ஒவ்வொன்றாகப் போனாள். போகிற இடத்திலெல்லாம் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, முதலில் அவர் கையை உள்ளே விடச் சொன்னாள். "என்ன இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா" என்று அவர்கள் சொன்ன பிறகு அடித்தாள். ஒருத்தர் மட்டும், கருப்பு அடித்தால் வண்டி முகமே போய்விடுமே என்று தயங்கினார். உன் முகம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடித்தாள்.

"இனிமே நான் அடிச்ச சிவப்பா இருந்தாலும் கலரைப் பாத்து மாட்டாதீங்க. கையை விட்டுப் பாத்துட்டு மாட்டுங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து, அண்ணன் வண்டி ஒன்றுதான் மிச்சம். அவன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்ததும், தானாகவே விலகி வழி விட்டான்.

"என்னோடதையும் அடிச்சிடும்மா" என்றான்.

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். சேறு தெறித்திருந்த அவனுடைய கொக்கிகள் இரண்டையும் தன் சட்டைக் கையாலேயே துடைத்தாள். மூலை முடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தாள். உள்ளே இருந்து அவளுடைய சிவப்பு, அந்த ஒரு சொட்டு ஆரஞ்சோடு, புதிதாக அடித்தது மாதிரி வெளியே வந்தது.

"உன்னோடது நல்ல கொக்கிண்ணா" என்றாள். "நல்ல கொக்கிமேல நான் கருப்பு அடிக்க மாட்டேன்."

"என்னோடது மட்டும் சிவப்பா இருந்தா எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கத்தானே சிவப்பு."

அண்ணன் டப்பாவைப் பார்த்தான். கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துத் தானே அடித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் அத்தனை பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை போகவில்லை.

திரும்பும்போது வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. இழுக்கிற சாமானெல்லாம் அண்ணன் வண்டியில் இருந்ததால், யாராவது வழியில் மாட்டிக்கொண்டால் உதவ அவன் கடைசியில் வருவதுதான் வழக்கம். அன்றைக்கும் கடைசியில்தான் வந்தான். அவனுக்கு முன்னால் ஜீப்பில் அவளும் கணவரும் போனார்கள். அவர் பின்னால் பார்க்கும் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துல வந்தாலும் அந்தச் சிவப்பு தெரியுதே" என்றார்.

"அதுக்குத்தானே ஆரஞ்சு கலந்தேன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கையிலிருந்த கருப்பு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.